பதிமூன்றாவது ரவுண்ட் உண்டா, இல்லையா?

1930, 40-களின் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸும் 1960, 70-களின் சாம்பியன் முகமது அலியும் மோதினால் யார் ஜெயிப்பார்? குத்துச்சண்டை பிடித்தவர்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் போதும், கேட்ட மாத்திரத்தில் பதில் வந்துவிடும், பெரும்பாலும் அலி என்றுதான் வரும். லூயிஸைவிட அலியை நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியும் என்பது அதற்குப் பாதிக் காரணம். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். எந்த வருடத்து அலி, எந்த வருடத்து லூயிஸ் என்று கேட்பேன். அதற்கும் முன்னால் இன்னொன்று கேட்பேன்: எத்தனை ரவுண்ட்?

இதை வெறும் விதண்டாவாதம் என்று நினைக்காதீர்கள். வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை மோதவிட்டுப் பார்க்கும்போது உயரம், எடை, கை நீளம், எத்தனை நாக் அவுட் என்று எல்லாவற்றையும் அலசுகிறோம், சண்டை எந்த ரவுண்டில் முடிய வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். இன்றைக்குப் பட்டச் சண்டை 12 ரவுண்ட். லூயிஸ் காலத்திலும் அலி காலத்திலும் 15. இந்த மூன்று ரவுண்டுக்குள்தான் குத்துச்சண்டை வரலாற்றின் பெரிய முடிவுகள் பல ஒளிந்திருக்கின்றன.

1941 ஜூன், நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ். லூயிஸை எதிர்த்து பில்லி கான். எடை குறைந்த பிரிவான லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலே ஏறி வந்தவர், லூயிஸைவிடக் குறைந்தது 25 பவுண்டாவது எடை குறைவு. ஆனால் கால் நிற்காது. உள்ளே வந்து இரண்டு மூன்று குத்து, லூயிஸ் திருப்பிக் கொடுப்பதற்குள் பக்கவாட்டில் போய்விடுவார். 12 ரவுண்ட் முடிந்தபோது பாயிண்ட் போடும் மூன்று பேரில் இரண்டு பேரின் ஸ்கோர் கார்டில் கான் முன்னிலை, மூன்றாவதில் சமம். அந்த 12-வது ரவுண்டில் லூயிஸையே தள்ளாட வைத்துவிட்டார். அங்கேதான் ஆசை வந்தது. இவரை நாக் அவுட்டே செய்துவிடலாம் என்று 13-வது ரவுண்டில் நின்று அடிக்க ஆரம்பித்தார், லூயிஸ் அதற்காகத்தான் ராத்திரி முழுக்கக் காத்திருந்தார். ரவுண்ட் முடிய இரண்டு விநாடி இருக்கும்போது கான் கீழே கிடந்தார். இன்றைய விதிப்படி அந்தச் சண்டை நடந்திருந்தால் 12-வது ரவுண்ட் மணியோடு கான்தான் உலகச் சாம்பியன்.

1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. ஜெர்சி ஜோ வால்காட் சாம்பியன், வயது 38, எதிரே தோல்வியே அறியாத ராக்கி மார்சியானோ. முதல் ரவுண்டிலேயே வால்காட்டின் இடது ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்தில், மார்சியானோ விழுந்தார், வாழ்க்கையில் முதல்முறையாக. எழுந்து வந்து அடி வாங்கிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தார். 12 ரவுண்ட் முடிந்தபோது மூன்று கார்டிலும் வால்காட் முன்னிலை. 13-வது ரவுண்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான், வால்காட் பின்வாங்கிக் கயிற்றுக்கு வருகிறார், இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை வீசுகிறார்கள், மார்சியானோவின் குத்து குறுகிய தூரத்தில் போவதால் முன்னால் போய்ச் சேருகிறது. வால்காட்டின் தலை திரும்புகிறது, உடம்பு அப்படியே கயிற்றில் சரிந்து இறங்குகிறது, ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, மண்டியிட்ட மாதிரி நின்று பிறகு முகம் குப்புற விழுகிறார். அந்தப் படச்சுருளை எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அந்தக் கை கயிற்றில் மாட்டும் இடத்தில் எனக்கு மூச்சு நிற்கும். 12 ரவுண்ட் விதி அன்றைக்கு இருந்திருந்தால் 49 சண்டையில் 49 வெற்றி என்ற அந்த ரெக்கார்டே கிடையாது.

1981-ல் லாஸ் வேகாஸில் சுகர் ரே லெனர்டும் தாமஸ் ஹெர்ன்ஸும் மோதியதும் இதே கதைதான். லெனர்டின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது, சண்டை கையை விட்டுப் போகிறது என்று அவருடைய கார்னரில் இருந்த பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ கத்தினார், 13-வது ரவுண்டில் லெனர்ட் வெறிபிடித்த மாதிரி கிளம்பி ஹெர்ன்ஸைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார், 14-வதில் நடுவர் நிறுத்தினார். அதுவரை மூன்று கார்டிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னிலை.

ரவுண்டைக் குறைத்தது சரியா தவறா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டக் கூ கிம் 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் பட்டம் வழங்கும் உலக அமைப்புகளில் முதலில் டபிள்யூபிசியும், அடுத்த சில வருடங்களில் மற்ற அமைப்புகளும் 12-க்கு வந்தன. ஒரு உயிர் போய் வந்த விதி அது, இருக்கட்டும். ஆனால் கற்பனைச் சண்டையில் அந்த மூன்று ரவுண்டைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முதலில் பேசித் தீர்க்காமல் மற்றதைப் பேசுவதில் அர்த்தமில்லை.

இந்தக் கற்பனையை உண்மையிலேயே படமாக எடுத்துப் பார்த்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1967-ல் மர்ரி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 16 ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து ஒரு போட்டித் தொடர் நடத்தினார். என்சிஆர் 315 என்ற இயந்திரம். அதில் வந்த முடிவுகளை நேரடி வர்ணனை மாதிரி ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். அலி அதில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். ஜெஃப்ரீஸ் 1910-ல் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் சாம்பியனாக இருக்கக் கூடாது என்பதற்காகவே ஓய்விலிருந்து இழுத்து வரப்பட்டு, ரீனோவில் நன்றாக உதை வாங்கியவர். அவரிடம் அலி தோற்றார் என்றால் அலிக்கு எப்படி இருக்கும்? 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமாதானமானது எப்படியென்றால், அந்தத் தொடரில் ஜெயித்த மார்சியானோவோடு அலி கேமரா முன்னால் சண்டை போட வேண்டும், அதற்கு 10,000 டாலரும் லாபத்தில் பங்கும்.

1969-ல் மியாமியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தார்கள். மார்சியானோ ஓய்வுபெற்று 13 வருடம் ஆகியிருந்தது, இதற்காக 50 பவுண்டு வரை எடை குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். அலிக்கு 27 வயது. ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டத்தையும் லைசென்ஸையும் பிடுங்கிவிட்டிருந்தார்கள், பணத்துக்கு நெருக்கடி. 70-க்கும் மேற்பட்ட ஒரு நிமிட ரவுண்டுகள், விதவிதமான முடிவுகள், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள், எது உண்மையான முடிவு என்று இருவருக்குமே தெரியாது. படப்பிடிப்பு முடிந்து சில வாரத்தில், ஆகஸ்ட் 31 அன்று, தன் 46-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். படம் 1970 ஜனவரியில் வந்தது. அமெரிக்காவில் பார்த்தவர்களுக்கு மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயிக்கிறார், ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயிக்கிறார். ஒரே கம்ப்யூட்டர், ஊருக்கு ஒரு முடிவு.

அமெரிக்கப் பதிப்பில் அந்த நாக் அவுட் எந்த ரவுண்ட் தெரியுமா? 13. வால்காட்டை விழவைத்த அதே ரவுண்ட். இன்றைய விதியில் இல்லாத ரவுண்ட்.

என்னைக் கேட்டால், 1966 அலியும் 1952 மார்சியானோவும் மோதினால் 15 ரவுண்டிலும் அலிதான். அலி 6 அடி 3 அங்குலம், மார்சியானோ 5 அடி 10-க்குக் கொஞ்சம் மேலே, கை நீளத்தில் கிட்டத்தட்ட 10 அங்குல வித்தியாசம். மார்சியானோவின் முகத்தோல் சீக்கிரம் கிழியும், 1954-ல் எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு நடந்த இரண்டாவது சண்டையில் மூக்கே பிளந்துபோனது. அலியின் ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டிப் போடும் குத்து, அந்த முகத்தை 8, 9 ரவுண்டுக்குள் கிழித்துவிடும், டாக்டர் நிறுத்திவிடுவார். அன்றைய நடுவர்கள் ரத்தத்தைக் கண்டு அவ்வளவு சீக்கிரம் நிறுத்த மாட்டார்கள் என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான வாதம், அங்கேயும் பேச்சு யாருடைய காலத்து விதி என்பதற்குத்தான் வந்து நிற்கிறது.

இதில் பலர் போடும் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவனை இவன் அடித்தான், இவனை அவர் அடித்தார், அதனால் அவனை அவர் அடிப்பார் என்ற கணக்கு. ஜார்ஜ் ஃபோர்மன் 1973-ல் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளி முடித்தார். 1974 மார்ச்சில் கராகஸில் கென் நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தார். ஃப்ரேசியரும் நார்ட்டனும் அலியை ஜெயித்தவர்கள், நார்ட்டன் அலியின் தாடையையே உடைத்தவர். கணக்குப்படி ஃபோர்மன் அலியை ஒரே ரவுண்டில் முடித்திருக்க வேண்டும். அதே வருடம் கின்ஷாசாவில் 8-வது ரவுண்டில் தரையில் கிடந்தது ஃபோர்மன். சண்டையில் ஒரு பாணிக்கு இன்னொரு பாணி எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் கேள்வி. ஃப்ரேசியர் குனிந்து நேராக முன்னால் வருபவர், ஃபோர்மனின் கீழிருந்து வரும் குத்துக்கு அதைவிட வசதியான ஆள் கிடையாது. அலி பின்னால் சாய்பவர், பிடித்து வைத்துக்கொள்பவர், அடி வாங்கிக்கொண்டே யோசிப்பவர்.

சரி, லூயிஸ், அலி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொருவரும் நிஜத்தில் யாரிடம் திணறினார்கள் என்று பார்ப்பதுதான் என் வழக்கம். ஜெயித்த சண்டைகளைவிட அதில்தான் விஷயம் இருக்கிறது. லூயிஸ் திணறியது ஓடுகிறவர்களிடம்: கான், 1937-ல் 10 ரவுண்டும் சுற்றிச் சுற்றி வந்த பாப் பாஸ்டர், 1947-ல் அவரை இரண்டு தடவை கீழே தள்ளிய வால்காட். இன்னொரு ஓட்டையை மாக்ஸ் ஷ்மெலிங் கண்டுபிடித்தார். லூயிஸ் இடது ஜாப் போட்டுவிட்டுக் கையை இழுக்கும்போது தோளுக்குக் கீழே இறக்கிவிடுவார், அந்த இடைவெளியில் வலது கையை விடலாம் என்று படம் பார்த்துக் கண்டுகொண்டு, 1936-ல் 12-வது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். இரண்டு வருடம் கழித்து யாங்கி ஸ்டேடியத்தில் லூயிஸ் 124 விநாடியில் பழி தீர்த்தது தனிக் கதை. ஆனால் ஓட்டை ஓட்டைதான்.

அலியின் ஓட்டை இன்னும் வெளிப்படையானது. கையைக் கீழே வைத்துக்கொண்டு, குத்து வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுப்பார். வேகம் இருக்கும்வரை அது அழகு. ஆனால் அவரைக் கீழே தள்ளிய பெயர்பெற்ற குத்துகளைப் பாருங்கள்: 1962-ல் சானி பேங்க்ஸ், 1963-ல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், 1971-ல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 15-வது ரவுண்டில் ஃப்ரேசியர். மூன்றும் இடது ஹூக். லூயிஸின் இடது ஹூக் ஆறு அங்குலம் நகர்ந்தாலே ஆளைக் கவிழ்க்கும், அதோடு தனியாக வராது, முன்னால் ஒரு வலது, பின்னால் ஒரு வலது என்று கொத்தாக வரும். கூப்பர் ஒரு குத்தோடு நின்றுவிட்டார், மணி அடித்து அலி தப்பித்தார். லூயிஸ் அடிபட்ட ஆளை விட்டவரே கிடையாது.

ஆகவே என் முடிவு வருடத்தைப் பொறுத்தது. 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்த அலி, 1938 லூயிஸை 15 ரவுண்டில் பாயிண்ட்ஸில் ஜெயிப்பார், இடையில் எங்கோ ஒரு தடவை விழுந்து எழுவார், அநேகமாக 10-வது ரவுண்டுக்கு மேல். தடையிலிருந்து திரும்பி வந்த 1971 அலி என்றால் லூயிஸ்தான், அதுவும் அந்த 13, 14-வது ரவுண்டில். கால் போன பிறகு அலியைக் காப்பாற்றியது அவருடைய தாடையும் நெஞ்சுரமும்தான், லூயிஸ் மாதிரி துல்லியமாக அடிக்கிறவரிடம் தாடையை நம்பிப் போக முடியாது.

எந்த வருடத்து அலி என்று நான் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1980-ல் அலி மெட்ராஸுக்கு வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார், எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் கண் மின்னப் பேசுவார்கள், பேசட்டும், அது பெரிய பாக்கியம். ஆனால் அவர்கள் பார்த்தது 38 வயது அலியை. அதே வருடம் அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரை 10 ரவுண்ட் அடித்த பிறகு அலிக்கும் பயிற்சியாளராக இருந்த டண்டீ சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த அலிக்கும் ஹூஸ்டன் அலிக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. அதைவிட என்னை வருத்துவது நாம் பார்க்காமலே போன அலி. 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை வென்றதோடு நிறுத்தப்பட்டு, 1970 அக்டோபரில்தான் திரும்பினார். 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு ஹெவிவெயிட்டுக்கு உடம்பும் அறிவும் ஒன்றாகக் கூடி வரும் வயது. 1968 அலி என்று ஒருவர் ரிங்கில் நிற்கவே இல்லை. விக் வைத்த மார்சியானோவோடு நடந்த அந்தப் பொய்ச் சண்டையில் அலியின் கால்களை மட்டும் பாருங்கள், யாருக்கும் வலிக்காமல் அடிக்க வேண்டிய இடத்திலும் கால் தானாக வேலை செய்துகொண்டிருக்கும். பார்த்தால் மனசு ஆறாது.

மைக் டைசன் ரசிகர்கள் அவசரப்படுவது தெரிகிறது. 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த டைசனை எந்தக் காலத்து ஆளும் முதல் நாலு ரவுண்ட் சமாளிப்பது கஷ்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல காலத்திலேயே 1987-ல் போன்கிரஷர் ஸ்மித் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே 12 ரவுண்டும் நின்றுவிட்டார். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பயமில்லாமல் நீளமான ஜாபைப் போட்டுக்கொண்டே இருந்தார், 8-வது ரவுண்டில் விழுந்தும் எழுந்தார், 10-வதில் முடித்தார். பிடித்து வைப்பதில் அலிக்கு நிகரான ஆள் யார்? 1974-ல் ஃப்ரேசியரோடு நடந்த இரண்டாவது சண்டை முழுக்க அவர் கழுத்தைப் பிடித்து அமுக்கியே ஜெயித்தார். டைசன் உள்ளே வருவார், அலி தலையை அமுக்குவார், நடுவர் பிரித்துவிடுவார், மறுபடியும் அதே. பத்து ரவுண்டுக்கு மேல் போனால் அலி. முதல் மூன்று ரவுண்டுக்குள் முடிந்தால் டைசன்.

உடம்பு அளவைப் பற்றியும் கொஞ்சம். பழைய ஆட்கள் 185 பவுண்டு, இன்றைய ஆட்கள் 250, எப்படி ஈடுகொடுப்பார்கள் என்கிறார்கள். மார்சியானோ இன்று வந்தால் ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே இருக்கும் க்ரூஸர்வெயிட்டில்தான் நிற்பார், உண்மை. 1919-ல் டொலீடோவில் 187 பவுண்டு ஜாக் டெம்ப்சி 245 பவுண்டு ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டில் மட்டும் ஏழு தடவை கீழே தள்ளியதைக் காட்டி மறுப்பார்கள் சிலர். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அன்றைக்கு விழுந்தவனின் தலைமாட்டிலேயே நின்று, முழங்கால் தரையை விட்டு எழும்பிய உடனே அடிக்கலாம். இன்று இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலைக் கார்னருக்குப் போய் நிற்க வேண்டும். டெம்ப்சியை இன்றைய விதிக்குள் கொண்டுவந்தால் பாதிப் பலம் போய்விடும். அளவு மட்டும் போதாது என்பதற்கு எனக்கு நல்ல சாட்சி 2024-ல் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். க்ரூஸர்வெயிட்டிலிருந்து மேலே வந்தவர், 6 அடி 9 அங்குல டைசன் ஃப்யூரியை ஒரே வருடத்தில் இரண்டு தடவை பாயிண்ட்ஸில் வென்றார். அதனால் அலியோ லூயிஸோ இன்றைய பெரிய ஆட்களிடம் நிற்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் கேட்கத் தயாரில்லை.

ஹெவிவெயிட்டை விட்டால் எனக்கு மிகவும் பிடித்த கற்பனைச் சண்டை வெல்டர்வெயிட்டில் இருக்கிறது. 1946 சுகர் ரே ராபின்சன், 1981 சுகர் ரே லெனர்ட், 147 பவுண்டு, 15 ரவுண்ட். எடை பார்ப்பது சண்டை நடக்கும் அன்று காலையில். இதை அழுத்திச் சொல்லக் காரணம், இப்போது முந்தின நாளே எடை பார்த்துவிடுவதால் ராத்திரிக்குள் தண்ணீரும் சோறும் ஏற்றிக்கொண்டு பல பவுண்டு கூடுதலாக ரிங்குக்கு வருகிறார்கள். இந்த இருவருமே 147-க்கு உண்மையாக நின்றவர்கள்.

இதில் துக்கம் என்னவென்றால் ராபின்சனின் வெல்டர்வெயிட் காலத்துப் படம் நமக்கு அநேகமாகக் கிடையாது. நாம் பார்ப்பதெல்லாம் மிடில்வெயிட் ராபின்சன், 30 வயதைத் தொட்டவர், அதற்கே வாய் பிளக்கிறோம். 1957-ல் ஜீன் ஃபுல்மரை 5-வது ரவுண்டில் ஒரே இடது ஹூக்கில் சாய்த்தபோது அவருக்கு வயது 35, பின்னால் போய்க்கொண்டே போட்ட குத்து அது. பின்காலில் எடை இருக்கும்போது அப்படி ஒரு குத்து எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 25 வயதில் அதே கை எப்படி இருந்திருக்கும்? 1920-களின் மிடில்வெயிட் சாம்பியன் ஹாரி கிரெப் நிலைமை இன்னும் மோசம், பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆள், ஒரு கண் பார்வை போன பிறகும் சண்டை போட்டவர், அவருடைய ஒரு சண்டைப் படம்கூட மிஞ்சவில்லை. அவரை 1980-களின் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லரோடு மோதவிடுவது பத்திரிகைக் குறிப்புகளை வைத்துத்தான், நான் அதில் இறங்குவதில்லை.

ராபின்சன், லெனர்ட் சண்டையில் முதல் ஆறு ரவுண்ட் லெனர்டுக்குக் கொடுக்கிறேன். கை வேகம் சமம், கால் லெனர்டுக்கு ஒரு பங்கு கூடுதல். 7-வதிலிருந்து ராபின்சன் விலாவுக்குப் போக ஆரம்பிப்பார். லெனர்ட் ஹெர்ன்ஸிடம் செய்த மாதிரி கடைசியில் வெடித்துக் கிளம்பப் பார்ப்பார், ஆனால் ஹெர்ன்ஸ் அந்த நேரத்தில் கால் சோர்ந்து நின்றார், ராபின்சன் மாதத்துக்கு இரண்டு சண்டை போட்டுப் பழகிய உடம்பு, 1943-ல் ஜேக் லமோட்டாவிடம் தோற்று மூன்றே வாரத்தில் அவரோடு மறுபடியும் மோதி ஜெயித்தவர். 12 ரவுண்ட் என்றால் லெனர்ட், ஒரு பாயிண்டில். 15 என்றால் 13-வதில் ராபின்சன் அவரைக் கீழே தள்ளி, பாயிண்ட்ஸில் ஜெயிக்கிறார்.